பழைய சாவி குரோனோகிராஃப் கைக்கடிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டு வீடுகளின் பீரோக்களில், இராணுவத்தில் இருந்து திரும்பியவர்களும், தோல் வணிகத்துக்காகக் கடல் கடந்து போய் வந்தவர்களும், வளைகுடா நாடுகளில் உழைத்தவர்களும் கொண்டுவந்த கைக்கடிகாரங்கள் இன்றும் கிடக்கின்றன. அவற்றுள் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்களும் டயலுக்குள் சிறு வட்டங்களும் கொண்டவை கையில் கிடைக்கும்போது, அடுத்த தலைமுறைக்கு அவற்றை என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஏறத்தாழ 1930 முதல் 1970களின் இறுதி வரை வந்த, பேட்டரி இல்லாத குரோனோகிராஃப்களைப் பற்றி மட்டுமே இங்கே விடை சொல்லப்படுகிறது.

குரோனோகிராஃப் என்பது என்ன? சாதாரண சாவிக் கடிகாரத்திலிருந்து எதில் வேறுபடுகிறது?

நேரம் காட்டும் கடிகாரத்தின் முதுகில் ஒரு ஸ்டாப்வாட்சை ஏற்றி, இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங்கின் விசையைக் கொடுத்தால் அதுவே குரோனோகிராஃப். மணி முள்ளும் நிமிட முள்ளும் தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். டயலின் நடுவிலிருந்து நீளும் மெல்லிய முள் மட்டும் 12-க்கு நேரே அசையாமல் நிற்கும். மேல் பொத்தானை அழுத்தினால்தான் அது கிளம்பும். கடிகாரம் பழுதாகிவிட்டது என்று பலர் கொண்டுவருவது இந்த முள் நிற்பதைப் பார்த்துத்தான். அது நிற்க வேண்டிய முள். நிற்பதில் பழுது ஒன்றும் இல்லை.

இதன் வரலாறு ஐரோப்பாவினுடையது. லூயி மோய்னே 1816-இல் நொடியின் அறுபதில் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் செய்து முடித்தார். 1821-இல் நிக்கோலா ரியூசெக், பாரிஸ் குதிரைப் பந்தயத்தில், டயல்மேல் மைப்புள்ளி வைத்து நேரத்தைப் பதியும் கருவியைப் பயன்படுத்தினார். முள்ளை ஒரே அழுத்தில் சுழியத்துக்குத் திருப்பும் இதய வடிவத் தகட்டுக்கு அடோல்ஃப் நிக்கோல் 1844-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய குரோனோகிராஃப்களும் அதே தகட்டைத்தான் நம்பியிருக்கின்றன. பிரைட்லிங் நிறுவனம் 1915-இல் தொடக்கப் பொத்தானைச் சாவிக் குமிழிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது. 1934-இல் இரண்டாவது பொத்தானையும் சேர்த்தது. அதன் பிறகுதான் நாம் இன்று பார்க்கும் உருவம் நிலைத்தது. தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்கள் 1969-இல் ஒரே ஆண்டில் மூன்று இடங்களிலிருந்து வந்தன: ஜெனித்தின் எல் பிரிமெரோ, ஹோயர்–பிரைட்லிங் கூட்டணியின் காலிபர் 11, ஜப்பானின் சீகோ 6139.

டயலில் குரோனோமீட்டர் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. குரோனோகிராஃப் என்பது ஒரு வேலை. குரோனோமீட்டர் என்பது துல்லியத்துக்காக அளிக்கப்படும் சான்று. சுவிட்சர்லாந்தின் இன்றைய விதிப்படி, சான்று பெறும் சாவிக் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடிக்கு மேல் பின்தங்கவோ 6 நொடிக்கு மேல் முந்தவோ கூடாது. சான்று பெறாத சிறு நிறுவனங்களும் அந்தச் சொல்லை டயலில் அச்சிட்டுக்கொண்ட காலம் இருந்ததால், எழுத்தை மட்டும் நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்கள் எதைக் காட்டுகின்றன?

கையால் சாவி கொடுக்கும் கடிகாரங்களில் பெரும்பாலும் 9-க்கு அருகில் உள்ள வட்டம் எப்போதும் ஓடும் நொடி முள்ளுக்குரியது. 3-க்கு அருகில் உள்ளது, நடு முள் எத்தனை சுற்று முடித்தது என்று எண்ணும் 30 நிமிட வட்டம். சிலவற்றில் அது 45 நிமிடமாக இருக்கும். 6-க்கு அருகில் மூன்றாவது வட்டம் இருந்தால் அது 12 மணி நேரம் வரை எண்ணும். வால்ஜூ 7750 என்ற ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் நிமிட வட்டம் 12-க்குக் கீழே இருக்கும். சீகோ 6139-இல் ஒரே ஒரு வட்டம்தான். எப்போதும் ஓடும் நொடி முள் அதில் கிடையாது.

நிமிட வட்டத்தைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடு முள் 58-ஆம் நொடியைத் தொடும்போதே பல கடிகாரங்களில் நிமிட முள் மெல்ல நகரத் தொடங்கி, 60-இல் சட்டென்று அடுத்த கோட்டில் உட்காரும். எனவே நடு முள் 59-இல் நிற்கும்போது நிமிட முள் இரண்டு கோடுகளுக்கு இடையில் தெரிந்தால், குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு நேரம் பார்ப்பவருக்கு ஒரு நிமிடப் பிழை பொருட்டல்ல, ஓட்டப்பந்தயத்துக்குப் பொருட்டாகும்.

பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்த வேண்டும்?

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் வயதால் கெட்ட குரோனோகிராஃப்களைவிட விரலால் கெட்டவை அதிகம் என்பது என் கருத்து.

பொதுவான அமைப்பில், 2-க்கு அருகில் உள்ள மேல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நடு முள் கிளம்பும். மறுமுறை அழுத்தினால் நிற்கும். மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முள் நின்ற பிறகு மட்டுமே, 4-க்கு அருகில் உள்ள கீழ்ப் பொத்தானை அழுத்தி அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முள் ஓடிக்கொண்டிருக்கையில் கீழ்ப் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் தடுப்பு அதை ஏற்காமல் முரண்டும். அந்த முரண்டை விரல் வலிமையால் வென்றுவிடலாம் என்று நினைத்தால், மெல்லிய எஃகு நெம்புகோல் வளையும், அல்லது அதன் நுனி உடையும்.

விதிவிலக்குகளும் உள்ளன. லாண்டரான் 48 என்ற இயந்திரம் 1930களின் இறுதியில் வந்து எண்ணற்ற சுவிஸ் பெயர்களின் கீழ் விற்கப்பட்டது. அதன் பல கடிகாரங்களில் மேல் பொத்தான் தொடங்க மட்டுமே பயன்படும்; நிறுத்துவதும் சுழியத்துக்குத் திருப்புவதும் கீழ்ப் பொத்தானின் வேலை. அது தெரியாதவர்கள் மேல் பொத்தானையே மீண்டும் மீண்டும் அழுத்தி, கடிகாரம் சிக்கிக்கொண்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். 1930களுக்கு முந்தையவற்றில் ஒரே பொத்தான், சில வேளைகளில் சாவிக் குமிழே பொத்தானாகி, தொடக்கம், நிறுத்தம், சுழியம் என்ற வரிசையில் சுற்றிவரும். ஃபிளைபேக் என்ற வகையில், முள் ஓடும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தலாம். முள் சுழியத்துக்குத் தாவி, விட்டவுடன் மீண்டும் ஓடத் தொடங்கும். 1936-இன் லான்ஜின் 13 இசட்.என்., 1970களின் சிட்டிசன் 8110 ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. உங்களிடம் இருப்பது ஃபிளைபேக் என்று உறுதியாகத் தெரியாதவரை, அது ஃபிளைபேக் அல்ல என்றே கொள்ளுங்கள்.

அழுத்தும் முறையும் முக்கியம். தயங்கித் தயங்கிப் பாதி அழுத்தம் கொடுத்தால் உள்ளே நெம்புகோல்கள் பாதி வழியில் நிற்கும். ஓங்கிக் குத்தினாலும் கேடு. கட்டை விரலைக் கடிகாரத்தின் மறுபக்கத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரலால் ஒரே சீராக, அந்த 'டிக்' என்ற உணர்வு வரும் வரை அழுத்தி விடுங்கள். நீண்ட காலம் பூட்டிக் கிடந்த கடிகாரத்தில் பொத்தான் நகரவே மறுத்தால், அதற்குமேல் முயலாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதுதான் முறை; பொத்தானின் தண்டைச் சுற்றி வியர்வை உப்பும் துருவும் இறுகியிருக்கும்.

குரோனோகிராஃப் முள்ளை நாள் முழுவதும் ஓடவிடலாமா?

பழைய சுவிஸ் வகைகளில் வேண்டாம். அவற்றில், எப்போதும் சுழலும் ஒரு பல்சக்கரத்தின் பக்கவாட்டில் இன்னொரு பல்சக்கரம் வந்து கோத்துக்கொள்வதன் மூலமே நடு முள் ஓடுகிறது. அந்தக் கூடுதல் சுமையால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறையும். நேரமும் சற்றுப் பிசகும். நுண்ணிய பற்களும் தேவையின்றித் தேயும். வேலை முடிந்ததும் நிறுத்திச் சுழியத்துக்குத் திருப்பிவிடுங்கள். சீகோ 6139 போன்றவற்றில் இரண்டு தட்டுகள் மேலும் கீழுமாக ஒட்டிப் பிரியும் செங்குத்துக் கிளட்ச் இருப்பதால் சுமை மிகக் குறைவு. நொடி முள்ளாகவே அதை ஓடவிடுபவர்கள் உண்டு, அதில் பெரிய தீங்கும் இல்லை.

அதே சமயம், தேயும் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூடப் பொத்தானைத் தொடாமல் வைத்திருப்பதும் சரியல்ல. மாதம் ஓரிரு முறை முப்பது நிமிடம் ஓடவிட்டு, மூன்று வேலைகளும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்த சர்வீசுக்குக் காலம் நெருங்குவதை முதலில் சொல்வது இந்தப் பகுதிதான்.

தொடங்கும்போது முள் ஏன் துள்ளுகிறது?

முன்பு சொன்ன பக்கவாட்டுக் கோப்பில், ஓடும் பேருந்தில் தாவி ஏறுபவரின் கால் ஒரு கணம் தடுமாறுவது போல, இரண்டு சக்கரங்களின் பற்களும் சரியாகச் சந்திக்காவிட்டால் முள் ஓர் இம்மி முன்னோ பின்னோ துள்ளும். சிறிய துள்ளல் இயல்பு. அரை நொடிக்குமேல் துள்ளினால், அல்லது ஓடும்போது முள் நடுங்கி நடுங்கிப் போனால், சக்கரங்கள் கோக்கும் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இத்தகைய கடிகாரம் எவ்வளவு நுட்பமாக நேரம் அளக்கும்?

பேலன்ஸ் சக்கரத்தின் துடிப்பைப் பொறுத்தது. மணிக்கு 18,000 துடிப்பு என்றால் நொடிக்கு 5. எனவே நடு முள் நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக எதையும் காட்ட முடியாது. 28,800 என்றால் நொடிக்கு 8. எல் பிரிமெரோவின் 36,000 மட்டுமே நொடியைப் பத்தாகப் பிரிக்கும். 18,000 துடிப்புள்ள கடிகாரத்தில் நொடிகளுக்கு இடையே ஐந்து பிரிவுகள் அச்சிடப்பட்டிருந்தால் டயல் இயந்திரத்துக்குப் பொருந்தியது. அதே இயந்திரத்தில் பத்துப் பிரிவுகள் இருந்தால் டயல் வேறெங்கிருந்தோ வந்தது என்று சந்தேகிக்கலாம்.

சாவி கொடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

கையால் சாவி கொடுக்கும் வகைக்கு, தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிய நிலையில், குமிழ் இறுகி நிற்கும் வரை முன்பக்கமாகத் திருகுங்கள், இறுகியதும் விட்டுவிடுங்கள். முழுச் சாவி பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரம் வரை தாங்கும். "சாவி அதிகமாகி நின்றுவிட்டது" என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். முழுச் சாவி ஏறியதால் எந்தக் கடிகாரமும் நின்றதில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகிப் போனதால் முழு விசை இருந்தும் சக்கரம் சுழலவில்லை என்பதே உண்மை. அந்நிலையில் கையில் தட்டி ஓடவைப்பது தேய்மானத்தைக் கூட்டும்.

சீகோ 6139-க்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. மெல்ல ஆட்டித்தான் எழுப்ப வேண்டும். அதில் குமிழை உள்ளே அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும். எந்தக் கடிகாரமானாலும், தேதியை விரைவாக மாற்றும் வசதியை இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை பயன்படுத்தாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தின் பல் ஏற்கெனவே கோத்திருக்கும்.

டயலின் விளிம்பில் 500, 400, 300 என்று இறங்கும் எண்கள் எதற்கு?

அது டாக்கிமீட்டர் அளவுகோல். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆயிற்றோ, அந்த எண்ணால் 3,600-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைக்கும். அந்த வகுத்தலை உங்களுக்காக முன்கூட்டியே செய்து விளிம்பில் அச்சிட்டிருக்கிறார்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் நோக்கிப் போகும்போது, வண்டி ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் கல் கண்ணுக்கு நேரே வரும்போது மேல் பொத்தானை அழுத்துங்கள். அடுத்த கல் அதே நேர்கோட்டில் வரும்போது நிறுத்துங்கள். முள் 45-ஆம் நொடியில் நின்றால் விளிம்பில் 80 என்று இருக்கும். 40-இல் நின்றால் 90. 36-இல் நின்றால் 100. இடையில் வேகம் கூடிக் குறைந்திருந்தாலும் கிடைப்பது சராசரி வேகம்.

ரயிலில் இது இன்னும் எளிது. தண்டவாளத்தின் ஓரத்து மின்கம்பங்களில் மேலே கிலோமீட்டர் எண்ணும் கீழே கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதியிருப்பார்கள். மேல் எண் மாறும் முதல் கம்பத்திலிருந்து அது மீண்டும் மாறும் கம்பம் வரை ஒரு கிலோமீட்டர். காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் சன்னலோர இருக்கை கிடைத்தால் பொழுது போவதே தெரியாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறைந்தால் முள் ஒரு சுற்றைத் தாண்டிவிடும், அளவுகோல் பயன்படாது. அப்போது அரைக் கிலோமீட்டருக்கு மட்டும் அளந்து, கிடைத்த எண்ணைப் பாதியாக்குங்கள். அரைக் கிலோமீட்டருக்கு 50 நொடி ஆனால் விளிம்பு 72 என்று காட்டும். உண்மை வேகம் 36.

பலர் அறியாத பயன் ஒன்று உண்டு. டாக்கிமீட்டர் வேகத்தை மட்டுமல்ல, திரும்பத் திரும்பச் செய்யும் எந்த வேலையையும் மணிக்கு எத்தனை என்று காட்டும். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு காலணித் தொழிற்சாலையில் ஒரு மேல்தோலைத் தைத்து முடிக்க 24 நொடி ஆகிறது என்றால், முள் நின்ற இடத்தில் விளிம்பு 150 என்று காட்டும். அதே வேகம் நீடித்தால் மணிக்கு 150 உருப்படி. கணக்குப் போடும் கருவிகள் மலிவாகாத காலத்தில் ஆலை மேற்பார்வையாளர்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுத்திருக்கும்.

டெலிமீட்டர், பல்சோமீட்டர் ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்துவது?

டெலிமீட்டர் ஒளிக்கும் ஒலிக்கும் இடையிலான கால வேறுபாட்டைத் தொலைவாக மாற்றிச் சொல்லும். பீரங்கியின் தீப்பொறியைக் கண்டு தொலைவு கணிக்க இராணுவத்தார் பயன்படுத்தியது. நமக்கு அதில் உள்ள பயன் இடிதான். பாலமதி மலைக்கு மேல் கோடை மழை திரளும் மாலையில், மின்னல் தெரிந்ததும் அழுத்துங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அளவுகோல் வழக்கமாக நொடிக்கு 330 முதல் 340 மீட்டர் என்ற ஒலி வேகத்துக்குப் பொறிக்கப்பட்டிருக்கும். நம் ஊர் 35 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போவதால், உண்மைத் தொலைவு டயல் காட்டுவதைவிடச் சற்றே கூடுதல். இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள்.

பல்சோமீட்டர் மருத்துவர்களுக்கானது. 15 அல்லது 30 துடிப்புக்கு அளவிடப்பட்டது என்று டயலிலேயே பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கும். நாடியைப் பிடித்து, ஒரு துடிப்பில் பொத்தானை அழுத்தி, அதைச் சுழியமாக வைத்து அடுத்த துடிப்பிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, முப்பதில் நிறுத்துங்கள். 24 நொடியில் முப்பது துடிப்பு வந்தால் முள் 75-ஐக் காட்டும். நிமிடத்துக்கு 75 துடிப்பு. கிளம்பும் துடிப்பையே ஒன்று என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. 1900-இல் ஐடா ஸ்கடர் சிறு மருத்துவ மனையாகத் தொடங்கிய சி.எம்.சி. இருக்கும் ஊர் என்பதால், வேலூரில் ஓய்வுபெற்ற மருத்துவர் வீட்டுக் கடிகாரம் எதையேனும் பார்க்க நேர்ந்தால், முதலில் விளிம்பில் இந்த அளவுகோலைத் தேடுங்கள்.

காலம் வீல் (column wheel, தூண் சக்கரம்) உள்ளதுதான் உயர்ந்தது என்கிறார்களே?

பொத்தானின் ஆணையை நெம்புகோல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி இரண்டு வகைப்படும். ஒன்று, சிறு தூண்கள் வட்டமாக நிற்கும் காலம் வீல். ஒவ்வொரு அழுத்துக்கும் அது ஒரு பல் திரும்ப, நெம்புகோலின் நுனி தூணின்மேல் ஏறும், அல்லது இரு தூண்களுக்கு இடையே விழும். மற்றது, தகட்டில் மேடுபள்ளமாக வெட்டிய காம் (cam). வால்ஜூ 72, வீனஸ் 175, ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் தொடக்கக்கால லெமேனியா 2310 ஆகியவை முதல் வகை. லாண்டரான் 48, வால்ஜூ 7733, 7750 ஆகியவை இரண்டாவது.

காலம் வீல் செய்யச் செலவு அதிகம். பொத்தான் வெண்ணெயாக இறங்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் அளக்கும் நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஸ்பீட்மாஸ்டரே 1968-இல் காம் வகையான 861 என்ற இயந்திரத்துக்கு மாறியது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலம் திரும்பும் வழியில், 14 நொடி இயந்திரத்தை எரித்துப் பாதையைத் திருத்தியபோது, வீரர்கள் நேரம் பார்த்தது கையில் கட்டியிருந்த சாவி குரோனோகிராஃபில்தான். வேலூரில் பயன்படுத்தப்போகும் ஒருவருக்கு, உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் 7750 நல்ல தேர்வு என்பேன். அழகை மட்டும் பார்ப்பவர் என் சொல்லைக் கேட்க மாட்டார்.

சுழியத்துக்குத் திருப்பினால் முள் 12-இல் நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்கிறது. ஏன்?

முள்ளின் அச்சில் இதய வடிவத் தகடு ஒன்று இருக்கிறது. சுத்தியல் போன்ற நெம்புகோல் அதன்மேல் விழும்போது, தகடு எந்த நிலையில் இருந்தாலும் சறுக்கி, மேலுள்ள பள்ளம் சுத்தியலுக்கு நேரே வரும் வரை சுழலும். எப்போதும் ஒரே அளவு, எடுத்துக்காட்டாக இரண்டு நொடி, தள்ளி நின்றால், முள் அச்சில் நழுவியிருக்கிறது. கழற்றி நேராகப் பொருத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் சுத்தியலின் முகமோ அதன் ஸ்பிரிங்கோ கெட்டிருக்கிறது. கண்ணாடியைத் திறந்து ஊசியால் நகர்த்திவிட்டு விற்பவர்களும் இருப்பதால், வாங்கும்போது குறைந்தது நான்கைந்து முறை திருப்பிப் பாருங்கள்.

கத்திரி வெயிலும் வியர்வையும் இதைக் கெடுக்குமா?

கெடுக்கும்; ஆனால் வெயிலைவிட வியர்வையே பெரிய பகை. பொத்தான்களின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் ஐம்பது ஆண்டில் கல்லாகியிருக்கும். பலவற்றில் வளையமே இருந்ததில்லை. பின்மூடியில் நீர்புகாது என்று பொறித்திருந்தாலும் அது அன்றைக்குப் பொருந்திய வாக்கு. கை கழுவும்போதும் கழற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த மென்துணியால் பின்மூடியையும் பொத்தான்களின் அடியையும் துடையுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால், அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் காயவைப்பதும் உதவாது; அன்றே திறக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஈரம் பட்ட எஃகு நெம்புகோலில் ஓரிரு நாளில் துரு ஏறும். மூடிய காருக்குள் மே மாதத்தில் விட்டுச்செல்லாதீர்கள். எண்ணெய் இளகி, இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஓடிவிடும்.

திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கிறது. ஒலிபெருக்கி, கைப்பேசி உறையின் காந்தப் பூட்டு ஆகியவற்றின் அருகே வைத்திருப்பீர்கள். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடும்.

டயலில் உள்ள பச்சைப் பூச்சு இரவில் ஒளிர்வதில்லை. மாற்றலாமா?

மாற்றாதீர்கள், சுரண்டவும் கூடாது. 1960களுக்கு முந்தைய பூச்சில் பெரும்பாலும் ரேடியம் இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளிரும் வேதிப்பொருள்தான் செத்துப்போயிருக்கிறதே தவிர, ரேடியத்தின் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. மூடிய கடிகாரத்தை அவ்வப்போது கட்டுவதில் பெரிய அச்சம் வேண்டாம். உதிரும் துகள் மூச்சிலோ வாயிலோ போவதே ஆபத்து. 6-க்கு அடியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது டிரிடியம். அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம் என்பதால், அது ஏறத்தாழ அடங்கியிருக்கும்.

பழைய குரோனோகிராஃப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். நம் நாட்டுச் சந்தையில் டயலை அழித்து மறுவண்ணம் பூசி, வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து விற்பது பெருந்தொழில். எழுத்துகளின் ஓரம் பிசிறியிருந்தால், சிறு வட்டங்களின் கோடுகள் மையத்தோடு பொருந்தாவிட்டால், ஒதுங்கிவிடுங்கள். பொத்தான்கள் இருந்தும், சிறு வட்டங்கள் தேதியையும் கிழமையையும் மட்டும் காட்டும் கடிகாரங்கள் குரோனோகிராஃப்களே அல்ல. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலை பேச வேண்டாம். இராணுவ அம்புக்குறி பொறித்திருப்பதாலேயே இராணுவத்துடையது ஆகிவிடாது. அதைப் பொறிக்கக் கால் மணி நேரம் போதும்.

கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, நிமிட முள் ஒவ்வொரு சுற்றுக்கும் தவறாமல் நகர்கிறதா என்று பாருங்கள். டயல் மங்கி, கீறலோடு, ஆனால் எல்லா உறுப்பும் தன்னுடையதாக உள்ள கடிகாரத்தை, புதிதாகத் தோன்றும் கலவையைவிட மேலானதாகக் கருதுகிறேன்.

சர்வீஸ் யாரிடம், எப்போது கொடுப்பது?

தொடர்ந்து கட்டினால் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. வேலூர் லாங் பஜார் பக்கம் கண்ணில் லென்ஸ் பொருத்தி உட்கார்ந்திருக்கும் பழைய கைகளில் எச்.எம்.டி., ஃபேவர் லூபா போன்றவற்றை மிகச் சிறப்பாகச் செய்பவர்கள் உண்டு. ஆனால் குரோனோகிராஃப் தனிக் கல்வி. கொடுப்பதற்கு முன், இதற்கு முன்பு எந்தக் குரோனோகிராஃப் இயந்திரத்தைப் பிரித்திருக்கிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரியாது என்று சொல்பவர் நேர்மையானவர், வேறு வேலைக்கு அவரிடமே போகலாம்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. குரோனோகிராஃப் பகுதியில் சில திருகாணிகளின் தலை மையத்திலிருந்து விலகி இருக்கும். பார்வைக்குச் சாதாரணத் திருகு. உண்மையில் அவை சக்கரங்கள் கோக்கும் ஆழத்தை நிர்ணயிப்பவை. தளர்ந்திருக்கிறது என்று நினைத்து ஒருவர் அவற்றை இறுக்கினால், ஆலையில் செய்த நுண் அமைப்பு முழுவதும் குலைந்துவிடும். மேலும், நடு முள்ளை ஓட்டும் நுண்பற்களில் எண்ணெய் இடவே கூடாது. மாற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரும்படியும், கூட்டைப் பாலிஷ் போட வேண்டாம் என்றும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக் கண்ணாடியின் மெல்லிய கீறல்களை நீங்களே சிறிது பற்பசையும் மென்துணியும் கொண்டு போக்கிக்கொள்ளலாம்.

எந்த வார் பொருத்துவது?

தோல் பதனிடும் ஊர்களின் நடுவில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் வார் கட்டுவது நியாயமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் வேலை தெரிந்தவரிடம் ஆட்டுத்தோல் உள்ளடுக்கோடு தைத்து வாங்கலாம். வார் மாட்டும் கொம்புகளுக்கு இடையிலான அகலத்தை முதலில் அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பழைய குரோனோகிராஃப்களில் 18, 19, 20 மில்லிமீட்டர் என மாறும், 19-க்கு 20 வாரைத் திணித்தால் ஓரம் சுருளும். கோடையில் இரண்டு வார்களை மாற்றி மாற்றிக் கட்டினால் ஒன்று உலர நேரம் கிடைக்கும். வாரைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பிகளைப் பழையனவாகவே விட்டுவிடாதீர்கள். மிகக் குறைந்த விலைக்குப் புதியவை கிடைக்கும், துருப்பிடித்த கம்பி ஒன்று ஒடிந்தால் கடிகாரம் முழுவதும் தரையில் விழும்.